தோளில் பதிந்த விரல்கள்

என் வலது தோளின் பின்பக்கத்தில் விரல்கள் பதிந்திருந்ததை முதலில் பார்த்தவள் என் மகள் மீனா. அல்லிநகரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குளித்துவிட்டு வந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றவள், "அம்மா, இது என்ன?" என்று கேட்டாள். அவள் குரல் மாறியிருந்ததால் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள்.

நாவல்பழத்தை நசுக்கித் தடவியது போல நான்கு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சற்றே சாய்ந்து. முன்பக்கத்தில், காறை எலும்புக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் இன்னொன்று. பின்னால் நின்ற யாரோ என் தோளை இறுகப் பிடித்து நிறுத்திய தடம் அது. ஆனால் யாரும் என்னை அப்படிப் பிடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். லேசான கன்றல்தான், பெரிய வலி இல்லை.

"அப்பா தைலம் தேய்க்கிறப்போ அழுத்திட்டாரா?" என்றாள்.

அவர் அழுத்துகிற ஆளே இல்லை. என் வீட்டுக்காரர் மொக்கச்சாமி திராட்சைக் குலையைத் தொடுகிற கையால்தான் என் தோளையும் தொடுவார். பழத்தின் மேல் படிந்திருக்கும் சாம்பல்பூச்சுகூட அழியாமல் குலையைக் கையில் எடுக்கத் தெரிந்தவர். மாதக்கணக்காகத் தேய்த்துவிடுகிறார், ஒருநாளும் தடம் வந்ததில்லை. மீனாவிடம் அதைத்தான் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு என் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் மதுரையில் எனக்கு இதய ஆபரேஷன் நடந்தது. இதயத்துக்குள் ரத்தம் போய்வர இருக்கும் கதவுகளில் ஒன்று கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த கதவை வைத்தார்கள். சத்தமில்லாத அறையில் நான் உட்கார்ந்தால் என் நெஞ்சுக்குள் கடிகாரம் ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அந்த உலோகத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் சீக்கிரம் உறையவிடாமல் செய்கிற மாத்திரை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதற்கு ஐ.என்.ஆர். என்று பெயர். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் அளவு அது. சாதாரண மனிதர்களுக்கு ஒன்று இருக்கும். எனக்கு மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் கதவில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். கூடினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். இத்தனை வருஷமாக அந்தக் கோட்டின் மேல் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

தோள்வலி எங்கள் தொழிலோடு வந்தது. அனுமந்தன்பட்டிக்கு வெளியே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி குலைகளில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கத்தரித்துக் கழிப்பது பெண்கள் வேலை. ஒருநாள் தூக்கிய கை இறங்கவில்லை. பிறகு இறங்கிய கை ஏறவில்லை. தோள்மூட்டைச் சுற்றி இருக்கும் உறை இறுகிப்போயிருக்கிறது, ஆறுவதற்கு நாளாகும் என்றார் எலும்பு டாக்டர். நான் சாப்பிடும் இதய மாத்திரையோடு வலி மாத்திரைகள் சேரக்கூடாது, ரத்தக்கசிவு வந்துவிடும் என்பது மதுரையிலேயே சொல்லி அனுப்பிய விஷயம். ஆகவே உள்ளுக்கு எதுவும் வேண்டாம், மேலுக்குத் தடவுகிற மருந்தாகவே பார்த்துக்கொள்வோம் என்று நாங்களே முடிவு செய்தோம்.

முதலில் மருந்துக்கடையில் ஒரு ஜெல் கொடுத்தார்கள். போட்டதும் குளிர்ச்சியாக இருந்து, துணி மடித்து வைப்பதற்குள் போய்விட்டது. ஸ்பிரே அடித்தால் அடித்த இடம் மட்டும் மரத்தது. ஒட்டுகிற பிளாஸ்டர் வலியை விட்டுவிட்டுத் தோலை உரித்துக்கொண்டு வந்தது. மிளகாய்க்காரம் கலந்த களிம்பு ஒன்று இருக்கிறது. அதைத் தடவிவிட்டுக் கை கழுவ மறந்து கண்ணைக் கசக்கிவிட்டேன், அன்று முழுக்க வீட்டில் சமையல் நடக்கவில்லை. அப்புறம்தான் இவர் குமுளிக்குப் போனபோது மிளகு, ஏலக்காய் விற்கும் கடையில் ஒரு தைலம் வாங்கிவந்தார். சீசாவில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. மூடியைத் திறந்தால் மிட்டாய்க்கடை வாசனை. தேய்த்தவுடன் சூடு தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, மூட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் நான் பழையபடி ஒருக்களித்துப் படுத்தேன்.

கேட்டதைக் கொடுக்கிற சாமியை யார் விடுவார்கள்? தோளுக்குத் தேய்த்தது கழுத்துக்கும் முதுகுக்கும் போனது. பிறகு முழங்காலுக்கும். மேலே துணியைச் சுற்றி வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இறங்கியது. சீசா தீரும் முன்பே இவர் அடுத்ததை வாங்கி வைத்துவிடுவார். இவ்வளவும் கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்த பிறகு நடந்தது.

மீனா பார்த்த அந்தத் தடத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இன்னொரு காலையில் இடது மேற்கையில் மூன்று விரல். பிறகு முதுகில் முழு உள்ளங்கை. தைலமே படாத தொடையில் ஒன்று. பல் விளக்கியபோது எச்சிலில் ரத்தம் வந்ததும் மீனா என்னைத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

பரிசோதனையில் ஐ.என்.ஆர். மிகவும் கூடியிருந்தது. டாக்டரம்மா இளவயதுக்காரர், நிதானமானவர். காய்ச்சல் வந்ததா, சாப்பாடு குறைந்ததா, மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிட்டேனா, புதிதாக வேறு மாத்திரை, கஷாயம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றே சொன்னேன். கேட்டதெல்லாம் வாய்வழியாகப் போவது. நானும் வாய்வழியாகப் போனதையே நினைத்துப் பதில் சொன்னேன். மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறைய உதவும் வைட்டமினைக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கொடுத்தால் உலோகக் கதவு அடைத்துவிடுமாம். அதனால் காலையும் மாலையும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வார்டில் இருந்த நாளெல்லாம் புதிதாக ஒரு தடமும் வரவில்லை. பழையவை பச்சையாகி, மஞ்சளாகி, கரைந்தன. அதைக் கவனித்தது கம்பத்துக்காரப் பெண்ணான ஒரு நர்ஸ். இவர் டீ வாங்கப் போயிருந்த மத்தியானம், திரையை இழுத்து மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பா நினைக்காதீகக்கா. வீட்டுல யாரும் கை நீட்டுறாகளா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு உடம்பு சில்லிட்டது. அவள் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. யார் பார்த்தாலும் அதுதான் தோன்றும். இங்கே அவர் தொடவில்லை, இங்கே தடமும் இல்லை.

மாத்திரையின் அளவைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே இவர் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வார்டில் இருந்த நாளெல்லாம் தோள் கெட்டியாகிப் போயிருந்தது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாலைந்து காலை போனதும் தடங்கள் திரும்பின.

என் தம்பி ராசு உள்ளூரில்தான் இருக்கிறான். நர்ஸ் கேட்டதை மீனா அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வீட்டுக்கு வந்தான், வாசலிலேயே நின்றான், இவர் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. அவன் மனைவிக்கு வேறு யோசனை. நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வீடு, வாங்குவதற்கு முன்னால் ஆள் தங்காமல் பூட்டிக் கிடந்தது, அதில் ஏதோ இருக்கிறது என்றாள். வீரபாண்டிக்குப் போய்க் கௌமாரியம்மன் சன்னதியில் திருநீறு வாங்கிவந்து என் நெற்றியிலும் நிலைக்கதவிலும் பூசினாள். இரண்டு பேருக்கும் என் மேல் அக்கறைதான். ஆனால் அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் எந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

 ஒருநாள் இவர் சோறு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏப்புள்ள, ஒறக்கத்துல நான் எதுவும் செய்றனா?"

கேட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. அவர் அப்பாவுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கிற பழக்கம் இருந்ததாம். அதை அன்றுதான் என்னிடம் சொன்னார். அன்று முதல் முன்கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். நான் உள்ளறையில் படுத்து, அவர் சொன்னபடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் மட்டும், விளக்கு வெளிச்சத்தில், மீனா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, விரல் நுனியால் தைலம் தடவிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்த நாள் விடிந்தபோது தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. ஜன்னல் கம்பி போட்டது. என் இடது மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டது போல, ஒரு பிடி.

அதை நான் யாரிடமும் காட்டவில்லை. இவரிடம் காட்டினால், தான் செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்து நிம்மதி வரும். ஆனால் அவர் இல்லை என்றால் உள்ளே என்னோடு இருந்தது யார்? அந்தக் கேள்வியை இன்னொருவர் தலையில் வைக்க என்னால் முடியவில்லை. நீளக்கை ரவிக்கை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் நெஞ்சுக் கடிகாரத்தின் சத்தம் அன்று முழுக்க எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அது அறையின் மறுமூலையிலிருந்து வருவது போலவும் இருந்தது.

ஒரு முற்பகல், பந்தலுக்குக் கீழே வேலையாட்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது இடுப்புக்குள் யாரோ கையை விட்டுத் திருகியது போல இருந்தது. கீழே விழுந்தேன். மடங்கிய கால் நிமிரவில்லை. இவர் ஓடிவந்தார், என்னைத் தூக்கக் குனிந்தார், குனிந்தவர் தொடாமல் அப்படியே நின்றுவிட்டார். வேலைக்கு வந்த பெண்கள்தான் என்னைத் தூக்கிக் காரில் போட்டார்கள். வழி முழுக்க அவர் முன் சீட்டில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேனில், இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் பெரிய தசைக்குள் ரத்தம் கட்டி நிற்பது தெரிந்தது. அது நரம்பை அழுத்துவதால்தான் கால் நிமிரவில்லை. ஐ.என்.ஆர். அளவை மிஷினே சொல்லவில்லை. தன்னால் காட்ட முடிகிற எல்லைக்கு மேல் என்று மட்டும் காட்டியது. இதே கசிவு தலைக்குள் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்தின் மஞ்சள் நீரை, பிளாஸ்மா என்பார்கள், பை பையாக ஏற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. வெளிச்சம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் மாறிவிட்டதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மாத்திரையைக் குறைத்த பிறகும் ஏன் கூடியது என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. என்னைச் சுற்றி நின்று அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, வீட்டில் இருந்தது என்னோடு கூடவே காரில் ஏறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வார்டுக்கு மாற்றிய அன்று ராசு வந்தான். டாக்டரம்மா பார்வைக்கு வந்திருந்த நேரம். இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், எங்க அக்கா வாயத் தொறக்காது. நான் சொல்றேன். இந்த ஆளுதான். நீங்க போலீசுக்கு எழுதுங்க" என்றான்.

நான் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். டாக்டரம்மா என்னைக் கையமர்த்தினார். இவரைப் பார்த்து, கோபமே இல்லாமல், நீங்கள் அவர்களை எப்படிப் பிடிப்பீர்கள் என்று செய்து காட்டுங்கள் என்றார்.

இவர் அசையவில்லை. டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். இவர் என் பின்னால் வந்து நின்றார். கை என் தோளுக்கு வந்தது. நர்ஸ் என் தோள்துணியை விலக்கினாள். நான்கு விரல்களும் நான்கு கோடுகளின் மேல் உட்கார்ந்தன. கட்டைவிரல் முன்பக்கத் தடத்தின் மேல் போய் நின்றது. இடைவெளிகூட மாறவில்லை. ராசு மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

இவர் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். "நாந்தான்" என்றார். "நாந்தான் போலருக்கு. எனக்குத் தெரியல டாக்டர்."

"எப்ப இப்படிப் பிடிப்பீங்க?"

"பிடிக்க மாட்டேன். சாயந்தரம் ஒரு கையால தோளத் தாங்கிக்கிட்டுத் தைலம் தேய்ப்பேன். அவ்வளவுதான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். என்ன தைலம் என்று கேட்டார்.

சீசா என் பைக்குள்ளேயே இருந்தது, மீனா துணிமணியோடு சேர்த்து எடுத்து வந்திருந்தாள். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார். சீசாவில் இருந்த பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எவ்வளவு தேய்ப்பீர்கள், எங்கெங்கே, மேலே சூடு வைப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. பிறகு ராசுவையும் பக்கத்தில் கூப்பிட்டு, எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார்.

அந்த மிட்டாய் வாசனைத் தைலம் ஏறக்குறைய முழுக்கவே மெத்தில் சாலிசிலேட் என்ற மருந்து. தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினுக்கு நெருங்கின உறவு. கொஞ்சமாக, எப்போதாவது பூசினால் பலருக்கு ஒன்றும் ஆகாது. உடம்பு முழுக்க, தினமும், மேலே துணி சுற்றிச் சூடும் வைத்தால் தோல் வழியாக நிறைய ரத்தத்தில் கலந்துவிடும். கலந்து, நான் சாப்பிடும் இதய மாத்திரையின் வேலையைப் பல மடங்காக்கிவிடும். "மேலதான தடவுறோம்னு எல்லாரும் நினைக்கறாங்க. தோல் சுவர் இல்லீங்க. தடவுறதும் உள்ளதான் போகுது" என்றார். அப்படி ரத்தம் இளகிப்போன உடம்பில் பூவை வைத்து அழுத்தினாலும் தடம் விழும். விழுந்தது உடனே தெரியாது, ஊறி ஊறி விடிந்த பிறகுதான் நிறம் காட்டும். ஆஸ்பத்திரியில் தைலம் இல்லை, ஆகவே தடம் இல்லை. சில இடங்களில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் நகர்ந்து கீழே இறங்கி, தொடாத இடத்திலும் தோன்றும்.

நான் போர்வையை விலக்கி இடது மணிக்கட்டைக் காட்டினேன். தாழ்ப்பாள் போட்டிருந்ததைச் சொன்னேன். இவர் அப்போதுதான் அதைப் பார்க்கிறார். டாக்டரம்மா என் வலது கையை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தார். பொருந்தியது. தூக்கத்தில் வலி தாங்காமல் என் கையை நானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என்னை அத்தனை நாள் பயமுறுத்தியது என் கைதான் என்று தெரிந்தபோது, அந்தக் கையை அன்று முழுக்கப் போர்வைக்கு வெளியிலேயே வைத்திருந்தேன்.

ராசு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் டீ வாங்கிவந்தான். டம்ளரை வாங்க இவர் கையை நீட்டவில்லை. "குடிங்க மச்சான்" என்று அவனே டம்ளரை இவர் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தைலத்தை நிறுத்தியதும் ஐ.என்.ஆர். மெல்ல இறங்கியது. கால் நிமிர வாரங்கள் ஆயின. போகும்போது டாக்டரம்மா சொல்லி அனுப்பியதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலம், களிம்பு, ஜெல், பிளாஸ்டர் எதுவானாலும் வாங்கும் முன் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பூசுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூசின களிம்பின் மேல் யாருமே வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது, தோலும் வெந்துபோகும். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைகூட அளவோடுதான். எனக்குக் கொடுத்தது தோளுக்கு வெறும் ஈரத்துணி ஒத்தடமும் உடற்பயிற்சியும்.

அந்தப் பயிற்சியில்தான் சிக்கல் வந்தது. கூட ஒருவர் என் கையைத் தாங்கிப் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். இவர் மாட்டேன் என்றார். காரணம் எல்லாம் அவருக்கும் புரிந்துதான் இருந்தது, ஆனால் கைக்குப் புரியவில்லை. மீனா வந்து செய்தாள், ராசுவின் மனைவி செய்தாள். இவர் காப்பி டம்ளரைக்கூடக் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். உள்ளறைக் கட்டிலுக்குத் திரும்பி வந்தாரே தவிர, நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டார்.

விடியும் வேளையில் அவர் எழுந்து என் பக்கம் வந்து நிற்பது எனக்குத் தெரியும். மூச்சு விடாமல் நிற்பார். என் சேலைத் தலைப்பை விரல் நுனியால் விலக்கித் தோளைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், மறுபடி மூடிவிட்டுப் போவார். நான் தூங்குவது போலவே கிடப்பேன். யாரோ ஒருவர் குனிந்து நம் தோலைத் தேடிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பது சாதாரணக் காரியம் இல்லை. அது அவர்தான் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

போன வாரம் அவர் பார்த்து முடிக்கும் முன் கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் கை என் தோளுக்கு மேலே, தொடாமல், விரல்களை விரித்தபடி நின்றிருந்தது, அளவெடுப்பது போல.

"என்ன பாக்குறீக?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். கையை இழுத்துக்கொள்ளப் போனார்.

நான் அதைப் பிடித்து என் தோளில் வைத்து, மேலே என் கையையும் வைத்து, பலம்கொண்ட மட்டும் அழுத்தினேன். அவர் "வேணாம் புள்ள, வேணாம்" என்றார். நான் விடவில்லை. வெளியே தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கியது. பிறகு கைகளை எடுத்தேன்.

நான்கு விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளுப்பு மெல்லச் சிவந்தது. சிவப்பு ஓரங்களிலிருந்து கரைந்து உள்ளே போனது. பிறகு என் தோலின் நிறம் மட்டும் இருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, விடிந்து வெயில் வரும்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.